முழங்கால் வீக்கம் தானாக வடிந்த பிறகு

பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல். நாலைந்து நாளில் சரியாகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் சிவந்து வீங்குகிறது. சில நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்குகிறது, பிறகு மணிக்கட்டு. மருந்தே கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடும். மூட்டில் கோணல் எதுவும் மிஞ்சாது. வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

இதுவே ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுவரை அதிகம் வருவது. தொண்டையில் தொற்றும் 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், சாயலில் அதை ஒத்திருக்கும் இதயத் திசுவையும் தாக்குகின்றன. மூட்டு ஆறிவிடுகிறது. இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மிட்ரல் வால்வு அப்படி ஆறுவதில்லை. தழும்பேறித் தடிக்கிறது, அதன் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. வழி குறுகுகிறது.

இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வலி இல்லை. ஏழாம் வகுப்பில் முழங்கால் வீங்கிய பெண், இருபத்து நாலு வயதில் கருவுறுகிறாள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடும். குறுகிய வால்வு அதைக் கடத்த முடியாமல், ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. படுத்தால் மூச்சுத் திணறுகிறது. தனக்கு இதய நோய் இருப்பதைப் பல பெண்கள் அறிவது அப்போதுதான்.

சில பிள்ளைகளுக்கு மூட்டே வீங்குவதில்லை. தொண்டை வலி வந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் கையெழுத்து கோணலாகிறது; கையிலுள்ள டம்ளர் விழுகிறது; முகம் தானாகச் சுளிக்கிறது. இது கொரியா, அதாவது ருமாட்டிக் காய்ச்சலால் வரும் தன்னிச்சையற்ற அசைவு நோய். பிள்ளை குறும்பு செய்வதாக எண்ணி அதட்டுவதில் மாதங்கள் போகின்றன.

ருமாட்டிக் காய்ச்சலை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை இல்லை. ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை, அண்மையில் கிருமி தொற்றியதை மட்டுமே காட்டும். அந்த எண்ணை வைத்து மட்டும் நோய் உண்டு, இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. வீங்கியதும் கொடுக்கும் வலிமாத்திரை, வீக்கம் மூட்டுக்கு மூட்டு தாவுவதை மறைத்துவிடும். நோய் காணும் வழிமுறையான ஜோன்ஸ் அளவுகோல் 1944இல் வந்தது. அதன் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், ஐயமுள்ள எல்லோருக்கும் எக்கோ என்ற இதய ஒலியலைப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்காத வால்வுக் கசிவும் எக்கோவில் தெரியும்.

இந்தக் கிருமியால் வந்த தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் வராது. மாத்திரை என்றால் 10 நாள். மூன்றாம் நாள் வலி நின்றதும் நிறுத்தினால் கிருமி தொண்டையிலேயே தங்கலாம்.

நோய் வந்த பிறகு, ஆஸ்பிரின் மூட்டு வலியைத் தணிக்கும். வால்வுத் தழும்பை அழிக்க மருந்து இல்லை. அடுத்த தொண்டைத் தொற்று நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். ஒவ்வொரு முறையும் தழும்பு கூடும். அதைத் தடுப்பது 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. இதயம் பாதிக்கப்படாதவருக்குக் குறைந்தது 5 ஆண்டு அல்லது 21 வயதுவரை, இரண்டில் எது நீளமோ அது. வால்வு கெட்டவருக்கு 10 ஆண்டு அல்லது 40 வயதுவரை. ஊசி கடுமையாக வலிக்கும். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே என்று பெற்றோர் நிறுத்துவது பெரும்பாலும் இங்கேதான்.

ருமாட்டிக் இதய நோயால் உலகில் ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கிருமியை அது இன்றும் கொல்கிறது.