உங்களுக்குத் தெரியுமா? கணவரிடமிருந்து பறிபோன கண்டி ஆசனத்தை மனைவி வென்றார்!

1948 இடைத்தேர்தலில் கண்டியில் வென்ற டி. பி. இலங்கரத்னவின் பாராளுமன்றப் பதவி, தேர்தல் மனுவால் பறிபோனது. 1949இல் அதே தொகுதியில் நின்று வென்றவர் அவருடைய மனைவி தமரா குமாரி! பாராளுமன்றத்தில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது.

• அரசியலுக்கு வருமுன் இலங்கரத்ன அரசாங்க எழுதுவினைஞராக இருந்தார். 1947 வேலைநிறுத்தத்தில் முன்னின்றதால் வேலை போனது.

• 1956இல் தொழில் அமைச்சரானார். தோட்டத் தொழிலாளி முதல் தனியார் நிறுவன ஊழியர் வரை ஓய்வுபெறும்போது கையில் வாங்கும் ஊழியர் சேமலாப நிதி, 1958இல் அவர் காலத்தில் வந்த சட்டத்தின் பயன். வேலை பறிக்கப்பட்ட ஒருவர் செய்தது என்பதால் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

• வளவு எனப்படும் பெரிய மாளிகை வீட்டுப் பையனும் ஏழைச் சிறுவனும் நண்பர்களாகும் ‘அம்ப யஹலுவோ’ என்ற புகழ்பெற்ற சிங்கள நாவலும் இவர் எழுதியதே.