வாட் இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்குமா?

லேப் ஸ்டீல் கிட்டாருக்குச் சிறிய காம்போ ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறீர்கள். ஒன்று 10 வாட். மற்றொன்று 20 வாட், விலையும் அதிகம். எதை வாங்குவீர்கள்?

ஹவாயில் பிறந்த இக்கிட்டாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிப்பார்கள். 'ஃபிரையிங் பேன்' என்ற மின் லேப் ஸ்டீல் 1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. காந்தத்தின் அருகே கம்பி அதிரும்போது கம்பிச்சுருளில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பாடத்தில் படித்த மின்காந்தத் தூண்டல்தான் இது! அந்தச் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காம்போ.

வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்க 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஸ்பீக்கரின் உணர்திறனையும் பாருங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும் டெசிபல் அது. 97 டெசிபல் ஸ்பீக்கருடன் 10 வாட், 94 டெசிபல் ஸ்பீக்கருடன் 20 வாட்டுக்குச் சமம்!

அப்படியானால் கூடுதல் வாட் வீணா? இல்லை. ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். லேப் ஸ்டீலில் பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போது சுரங்கள் குழம்பிவிடும். டிரம்ஸுடன் வாசிப்பவருக்குக் கூடுதல் வாட் தேவை. அறையில் பழகுபவருக்கு 10 வாட் போதும்.

கடையில் மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டி, ஒலியை மெல்ல உயர்த்துங்கள். உங்களுக்கு வேண்டிய அளவுவரை கரகரப்பு வரவில்லையா? அதையே வாங்குங்கள்.