வானம் தெளிந்தால் உறைபனி... மார்கழி, தை இரவுகளில் சோலூர் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டால், நீலகிரி மாவட்டம் சோலூரில் இரவு வானம் பளிச்சென்று இருக்கும். பார்க்க அழகான அந்த இரவுதான் தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் ஆபத்தான இரவு. காலையில் புல்வெளியில் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகத் தொடங்கும்.

ஏன் இப்படி?

பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் வானத்தை நோக்கி வெளியே விடுகிறது. மேகம் இருந்தால், அது கம்பளிபோல நின்று ஒரு பகுதி வெப்பத்தைத் திருப்பித் தரும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தரையும் இலையும் வேகமாகக் குளிர்ந்துவிடும். ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே, தரையில் புல் உறைந்திருக்கலாம்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போல சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தோட்டம் தப்பிக்க, ஓடையோரத் தோட்டம் கருகுகிறது.

இரவு 9 மணிக்கு வானத்தைப் பாருங்கள்

தை மாதத்தில் இரவு 9 மணிக்கு, தலைக்கு மேலே சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதன் அருகே செம்மையாக மின்னுவது ரோகிணி. சற்றுக் கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு வடக்கே சிவந்து தெரிவது திருவாதிரை. தென்கிழக்கில் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருப்பது சிரியஸ். தெற்கே தாழ்வாக ஒளிர்வது அகத்தியர் நட்சத்திரம்.

நிலவில்லாத இரவில் கார்த்திகைக் கொத்தில் ஆறு நட்சத்திரங்களை எண்ண முடிந்து, அகத்தியரும் தெளிவாகத் தெரிந்தால், வானம் சுத்தமாக இருக்கிறது. காற்றும் அசையவில்லை, குளிரும் ஏறுகிறது என்றால் உறைபனிக்குத் தயாராகுங்கள். நட்சத்திரங்கள் மங்கி, மேகம் பரவினால் ஆபத்து குறைவு.

டிசம்பர் 13, 14 இரவுகளில் 10 மணிக்கு மேல், புனர்பூசம் இருக்கும் பக்கத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் பாய்வதையும் பார்க்கலாம். வீட்டு வாசலில் நின்றே பாருங்கள். காட்டுமாடு, கரடி நடமாடும் தோட்டத்துக்குள் இருட்டில் போக வேண்டாம்.

வானத்தைப் பார்ப்பது நீலகிரிக்குப் புதிதல்ல. ஊட்டி அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏற்ப, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடி, விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அதை அமைத்தார்கள்.

பயிரைக் காக்க...

• பனி எதிர்பார்க்கும் நாளில், பகலிலேயே மண் நனையும்படி பாசனம் செய்யுங்கள். ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமித்து, இரவில் மெல்ல விடும்.

• இளம் தேயிலைச் செடிகளையும் நாற்றுகளையும் மாலையிலேயே மிலார் அல்லது தழைகளால் மூடுங்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

• தோட்டத்தின் கீழ்ப்பக்கம் புதரும் அடர்ந்த வேலியும் குளிர்காற்றை அடைத்து வைக்கும். காற்று வடிந்து போக வழி விடுங்கள்.

• இரவில் ஸ்பிரிங்ளர் ஓட்டினால், பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் சேதம் அதிகமாகும். தண்ணீர் போதாது என்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

• புகை போடுவதால் பெரிய பலன் இல்லை. பனியில் காய்ந்த புல்லில் தீ பரவும் அபாயம்தான் அதிகம்.

• கருகிய கிளைகளை உடனே வெட்டாதீர்கள். பனிக்காலம் முடிந்து புதுத் துளிர் வந்தபிறகு, உயிருள்ள பகுதி எதுவென்று பார்த்து வெட்டுங்கள். அவசரப்பட்டுக் கவாத்து செய்தால், அடுத்த பனியில் இளந்துளிரும் போய்விடும்.

எந்தத் தேதியில், தோட்டத்தின் எந்தப் பகுதியில் பனி விழுந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் எந்தப் பாத்தியை முதலில் மூட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.