சூடேறிய வண்டி ஏன் மீண்டும் கிளம்ப மறுக்கிறது?

காலையில் ஒரே முயற்சியில் கிளம்பிய வண்டி, நடுப்பகலில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டு ஏறினால் அசைய மறுக்கிறது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் நடவாதது போல் ஓடுகிறது. பழைய பெட்ரோல் அம்பாஸிடர் போன்ற கார்புரேட்டர் வண்டிகளை இன்னும் வைத்திருக்கும் சங்கங்களுக்கு இத்தொல்லை புதிதன்று.

நாம் பரிசோதனைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் இதனைச் செலவு வவுச்சர்களிலேயே கண்டோம். ஓராண்டுக்குள் புதிய பாட்டரி, ஸெல்ப் மோட்டார் பழுது, மறுபடியும் பாட்டரி! இரண்டாவது பாட்டரியின் விலையை ஓட்டுநரின் சம்பளத்தில் தவணையாகப் பிடிப்பதென்று நிர்வாகக் குழு தீர்மானித்து, ஒரு தவணை பிடித்தும் விட்டது. அவர் ஓயாமல் ஸெல்பை இழுத்தது உண்மையே. நூல் மூட்டைகளோடு கடைத்தெரு நடுவில் வண்டி நின்றுவிட்டால் அவர் வேறென்ன செய்வார்?

வண்டி ஓடும்போது தண்ணீரும் விசிறிக் காற்றும் என்ஜினின் சூட்டைத் தணிக்கின்றன. இடைவிடாது வரும் புதுப் பெட்ரோல் கார்புரேட்டரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. என்ஜினை நிறுத்தியதும் இவையெல்லாம் ஒருங்கே நின்றுவிடுகின்றன. சூடு மட்டும் நிற்பதில்லை. அம்பாஸிடரில் புகை வெளிச்செல்லும் குழாய்களுக்கு மேலே கார்புரேட்டர் அமைந்திருப்பதால், எழும் வெப்பம் நேரே அதைத் தாக்குகிறது. ஆகவே நிறுத்திய பின்னர்ச் சிறிது நேரம் கார்புரேட்டரின் சூடு ஏறுகிறதேயன்றிக் குறைவதில்லை. பெட்ரோலோ பல எண்ணெய்களின் கலவை. அவற்றுள் இலேசானவை ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும்.

இதனால் விளைவன இரண்டு நோய்கள். வெளிக்குறி ஒன்றே, மருந்து நேர் எதிரானது. கொதித்த பெட்ரோல் மிதவைக் கிண்ணத்திலிருந்து பொங்கி என்ஜினுக்குள் வழிவது ஒன்று. அப்போது பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். சோக்கை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு, பத்து விநாடிக்கு மேற்படாமல் ஸெல்பை இயக்க வேண்டும். மிகுந்த காற்று புகுந்து, மிகுந்த பெட்ரோலை வெளியேற்றும். பலர் செய்வதுபோல் ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்தால், பெரும்பாலான கார்புரேட்டர்களில் ஒவ்வொரு மிதிக்கும் மேலும் பெட்ரோல் பீறிடும். வெள்ளத்தில் நிற்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது போன்றது அது.

மற்றது இதற்கு மாறானது. பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ ஆவி நிறைந்து வழியை அடைத்துவிடுகிறது. திரவத்தைத் தள்ளப் பிறந்த பம்பு ஆவியைத் தள்ள இயலாது திகைக்கிறது. வாடை இராது, பிளக் உலர்ந்திருக்கும். பானெட்டைத் திறந்துவைத்து, பம்பின் மீதும் பெட்ரோல் குழாயின் மீதும் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்தால் போதும். புகைக் குழாயின் மீது தண்ணீர் ஊற்றலாகாது. சூடான வார்ப்பிரும்பு வெடிப்புக் காணும்.

பெட்ரோல் சரியாயிருந்தும் கிளம்பாவிடில் காயிலையும் கண்டென்ஸரையும் ஐயுற வேண்டும். குளிர்ந்தபோது நன்றாயிருந்து, சூடேறியதும் இவை சோர்ந்துபோவதுண்டு. பெட்ரோல் வாடை சிறிதும் இல்லாத நிலையில், கார்புரேட்டருக்குத் தொலைவாகப் பிளக்கை வைத்து மெக்கானிக்கைக் கொண்டு பொறி பார்க்கலாம். நீலமாகப் பளிச்சிட்டால் நலம்; மஞ்சளாக மங்கினால் கோளாறு அங்கேதான்.

எதுவென்று அறியாமல் ஸெல்பை இழுப்பதே செலவின் மூலம். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறையப் பத்து ஆம்பியர் கேட்கும். ஸெல்ப் மோட்டார் நூறுக்கு மேல் கேட்கும். எந்தப் பாட்டரி தாங்கும்?

இன்னொன்று. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிற்று. பழைய ரப்பர்க் குழாய்கள் இதற்கென ஆக்கப்பட்டவையல்ல. நைந்து வெடிப்பு விடும். பம்புக்கு வரும் குழாயில் அவ்வாறு நேர்ந்தால் காற்றை உறிஞ்சி, ஆவியடைப்புப் போலவே ஏமாற்றும். அவற்றை மாற்றிவிடுவது நன்று.

முற்கூறிய சங்கத்து வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்ததில், கார்புரேட்டரின் அடியில் சூடு ஏறாமல் தடுக்கும் தடித்த பேக்கலைட் துண்டும், வெப்பத்தை மறைக்கும் தகடும் இல்லை. என்ஜினைப் பிரித்துச் சேர்த்த ஒரு சமயத்தில் யாரோ மாட்டாது விட்டிருக்கின்றனர். இரண்டும் பொருத்தப்பட்டன, பாட்டரி விலையில் நூற்றில் ஒரு சில பங்கே செலவாயிற்று. ஓட்டுநரிடம் பிடித்த தவணையைத் திருப்பித் தருவதென அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது.