அம்மாவின் கணினியில் ஒரு பச்சைத் தொட்டி

ஈப்போவில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவருடைய மடிக்கணினியைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. சென்ற முறையும் அப்படித்தான். திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டியை மொத்தமாகக் காலி செய்யப் போனேன். எதற்கும் ஒருமுறை திறந்து பார்ப்போமே என்று தோன்றியது. உள்ளே அப்பாவின் படங்கள். திருமணத்தன்று எடுத்தது, 'ஹோண்டா கப்' மோட்டார் சைக்கிளின் முன்னால் என்னை உட்கார வைத்து எடுத்தது, அவர் எங்களோடு கொண்டாடிய கடைசித் தீபாவளி என எல்லாம் ஒரே கோப்புறையில் இருந்தன.

"ஏம்மா, இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான்பா அந்தக் கண்ணாடி டப்பாவுல பத்திரமா எடுத்து வெச்சேன். வெளிய கெடந்தா யாராச்சும் அழிச்சிடுவாங்கல்ல."

அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். படவுருவுக்குக் கீழே இருந்த ஆங்கிலப் பெயர் அவருக்கு உதவவில்லை. படத்தை மட்டும் பார்த்தார். உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு பாத்திரம். பிறப்புப் பத்திரத்தையும் நிலப் பட்டாவையும் பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்குள் வைக்கும் கை, படங்களையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டது. தவறு என்னுடையது. அது குப்பைத்தொட்டி என்று நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

யாருடைய மேசை?

கணினித் திரையில் நாம் பார்க்கும் படவுருக்கள், அதாவது ஐகான்கள், ஓர் அலுவலக மேசையைப் பார்த்து உருவானவை. 1981-இல் விற்பனைக்கு வந்த ஸெராக்ஸ் 'ஸ்டார்' கணினியில்தான் தாள், கோப்புறை போன்ற படங்கள் திரையில் வரிசை கட்டின. அலுவலக ஊழியர்கள் அன்றாடம் தொட்டுப் பழகிய பொருள்கள் என்பதால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

1984-இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிக்குப் படவுருக்கள் வரைந்தவர் சூசன் கேர் என்ற ஓவியர். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைந்து பார்த்தார். ஒரு படவுருவுக்குக் கிடைத்த இடம் அகலம் 32 புள்ளி, உயரம் 32 புள்ளி, ஆக மொத்தம் 1,024 புள்ளிகள். அதுவும் கறுப்பு, வெள்ளை மட்டும்தான். அந்தச் சிறிய சதுரத்துக்குள், பார்த்தவுடன் இன்னதென்று புரிய வேண்டும். விண்டோஸில் 'ரீசைக்கிள் பின்' என்ற தொட்டி 1995-இல் வந்தது.

அந்த அலுவலக மேசையில் அம்மா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆகவே, அவருக்குத் தெரிந்த பொருள்களைத் திரைக்குக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தோம். அழகுக்காகப் படவுருவை மாற்றுபவர்கள் நிறைய பேர். இதை நாங்கள் செய்தது, அவர் தயக்கமில்லாமல் கணினியைத் தொட வேண்டும் என்பதற்காக.

மாற்றுவது எப்படி?

விண்டோஸ் 11-இல் திரையின் காலியான இடத்தில் சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'பெர்சனலைஸ்', 'தீம்ஸ்', 'டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்' என்று வரிசையாகச் செல்லுங்கள். அங்கே குப்பைத்தொட்டிக்கு இரண்டு படங்கள் இருக்கும்; ஒன்று காலியானது, மற்றொன்று நிரம்பியது. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச் ஐகான்' மூலம் மாற்ற வேண்டும். பிடிக்கவில்லை என்றால் 'ரீஸ்டோர் டிஃபால்ட்' பொத்தான் பழைய படத்தைத் திருப்பித் தந்துவிடும். கணினியின் தீம் மாறும்போது உங்கள் படமும் மாறிவிடாமல் இருக்க, அதே பெட்டியில் தீம்களுக்கு அனுமதி தரும் குறியை எடுத்துவிடுங்கள்.

கோப்புறை என்றால் அதன் மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'கஸ்டமைஸ்', 'சேஞ்ச் ஐகான்' என்று போகலாம். மேக் கணினியில் இன்னும் எளிது. படத்தை 'காப்பி' செய்து, கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, கமாண்ட், ஐ விசைகளை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் மேல் மூலையில் உள்ள சிறிய படவுருவைச் சொடுக்கி 'பேஸ்ட்' செய்தால் போதும்.

விண்டோஸ் கேட்பது 'ஐகோ' வகைக் கோப்பு. கைப்பேசியில் எடுத்த படத்தின் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் அது ஐகோ ஆகிவிடாது. இலவசமாகக் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளில் படத்தைச் சதுரமாக வெட்டி, 256-க்கு 256 புள்ளி அளவுக்குக் குறைத்து, ஐகோவாகச் சேமிக்கலாம். அந்தக் கோப்புகளை ஒரே இடத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். பின்னால் அவற்றை நகர்த்தினாலோ அழித்தாலோ, நீங்கள் வைத்த படமும் போய்விடும்.

அம்மா தேர்ந்தெடுத்தவை

குப்பைத்தொட்டிக்கு எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பச்சைத் தொட்டியையே படம் பிடித்தோம். நிரம்பிய தொட்டிக்கு, மூடியைத் திறந்து ஒரு கறுப்புப் பை வெளியே தெரியும்படி இன்னொரு படம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலியருகே நின்று, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்திப் பாடல்களுக்கு வேல். மின்கட்டண ரசீதுகளுக்கு ஒரு விளக்கு. பேரப்பிள்ளைகளின் படங்களுக்குப் பள்ளிக்கூடப் பை. அப்பாவின் கோப்புறைக்கு அவருடைய முகத்தையே வைக்கலாம் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"கைதவறி இழுத்துட்டா? ஒரு தடவ அவரக் குப்பையில போட்டது போதும்பா."

அதனால் மோட்டார் சைக்கிளை வைத்தோம்.

செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டவை சில. நிறத்தைவிட வடிவம் வேறுபடுவதே முக்கியம். மஞ்சள் கோப்புறையைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது. குடும்பப் படம் போன்ற கூட்டமான காட்சி, சிறிய அளவில் வெறும் புள்ளிகளாகிவிடும். ஒரே பொருளை நெருக்கமாக எடுங்கள். 'கன்ட்ரோல்' விசையை அழுத்தியபடி சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் திரையிலுள்ள எல்லாப் படவுருக்களும் பெரிதாகும். பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். 'ரீசைக்கிள் பின்' என்பதையும் 'குப்பைத்தொட்டி' என்று மாற்றிவிட்டேன். ஐந்தாறு படவுருக்களுக்கு மேல் திரையில் வைக்கவில்லை.

படம் முகம் மட்டுமே

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாம் ஐந்து நிமிடத்தில் ஒரு கோப்புறைக்குப் புது முகம் கொடுக்க முடியும் என்றால், மோசடிக்காரனாலும் முடியும். ரசீது போலவோ திருமண அழைப்பிதழ் போலவோ படவுரு வைத்த ஒரு கோப்பு, உண்மையில் கணினிக்குள் நுழையும் தீய நிரலாக இருக்கலாம். விண்டோஸில் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டும்படி அமைத்து வையுங்கள். தாள் போல் தெரிவது '.இஎக்ஸ்இ' என்று முடிந்தால் திறக்காதீர்கள். இலவசப் படவுருத் தொகுப்பு என்று சொல்லி நிறுவச் சொல்லும் மென்பொருளுக்கும் இதே விதிதான். அலுவலகக் கணினி என்றால், கைவைக்கும் முன் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு வேலைகள் செய்தேன். குப்பைத்தொட்டியின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில், எதையும் அங்கே அனுப்பும் முன் ஒருமுறை கேட்கும்படி அமைத்தேன். அப்பாவின் படங்கள் முழுவதையும் ஒரு வெளி வன்தட்டில் நகல் எடுத்து, அம்மாவின் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். அந்த இடத்தைச் சொன்னவர் அவர்தான்.

அடுத்த முறை உங்கள் பெற்றோர் வீட்டுக்குப் போகும்போது கணினியைத் திறந்து, திரையிலுள்ள ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். திருத்தாமல், சிரிக்காமல், பதிலைக் கேளுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதுவரை குப்பைத்தொட்டியைக் காலி செய்ய வேண்டாம்.