கடுகு தாளிக்காத தயிர்சாதம்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடிக்கக் கொடுத்த டாக்டர், "இன்னைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடுங்கம்மா" என்கிறார். கூடவே வந்த பேரன் முகத்தில்தான் முதல் சிரிப்பு. பல வீடுகளில் நடக்கிற காட்சி இது. போகிற வழியிலேயே கப் ஐஸ்கிரீம் வாங்கியாகிவிடும். அன்றைய பொழுது அதில் ஓடிவிடும். மறுநாள் காலையில் அடுப்படியில் நிற்கும்போதுதான் கேள்வி வருகிறது: இன்னும் ஒரு வாரத்துக்குப் பாட்டிக்கு என்ன கொடுப்பது?

அதற்கு முன்னால், பல் போன குழியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். குழியில் ரத்தம் நிறைந்து, சற்று நேரத்தில் உறைந்து கட்டியாகிறது. அடியிலிருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது இந்தக் கட்டிதான். புதிய திசு வளர்வதும் இதைப் பிடித்துக்கொண்டுதான். இது பாதியில் பெயர்ந்து வந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். பல் மருத்துவர்கள் இதற்கு 'டிரை சாக்கெட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1896-லேயே கிராஃபோர்டு என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் 100-க்கு 5 பேருக்குள்தான் இது வரும். கீழ்த்தாடை ஞானப் பல் என்றால் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில் தெரியவரும். குறைய வேண்டிய வலி அன்றைக்குப் பார்த்துக் கூடும். காது, நெற்றிப்பொட்டு வரை தெறிக்கும். வாயில் நாற்றம் வரும். வீட்டிலிருக்கும் மாத்திரைக்கு அடங்காது. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால்தான் நிம்மதி. அந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜினால். அதற்காகக் கிராம்பு எண்ணெயை வீட்டிலேயே பச்சைப் புண்ணில் ஊற்றிவிடக் கூடாது, திசு வெந்துபோகும்.

ஆக, என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று இளநீர் வாங்கி வருவார்கள். நல்லதுதான். ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால், அந்த இழுப்பே கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். சாப்பிட்டதும் வாயைப் பலமாகக் கொப்பளித்துத் துப்புவது நம் ஊரின் அருமையான பழக்கம். முதல் 24 மணி நேரம் அதற்கும் விடுப்பு. எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்து வந்தால் பயந்து துப்பிக்கொண்டே இருக்காமல் விழுங்கிவிடலாம். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து ஒழுகவிட்டால் போதும். பீடி, சிகரெட், புகையிலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

ஊசியின் மதமதப்பு இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்கும். அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தையோ உதட்டையோ கடித்துக்கொள்வதுகூடத் தெரியாது. சூடான காபி அன்றைக்கு வேண்டவே வேண்டாம். சூடு ரத்தக்கசிவைத் தூண்டும். ஐஸ்கிரீம் சொல்வதன் காரணமும் இதன் மறுபக்கம்தான்: குளிர்ச்சியில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். முந்திரியும் கோனும் இல்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் நாளிலிருந்து நம் சமையலறையே போதும். குழைய வடித்த சோற்றில் தயிர், பாசிப்பருப்புப் போட்டு மசித்த கஞ்சி, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், பாலில் கரைத்த இட்லி, ஆப்பத்தின் நடுப்பகுதி, மசித்த வாழைப்பழம். எல்லாம் ஆறியபிறகு. கேழ்வரகுக் கூழுக்குத் தனி மரியாதை உண்டு; 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தொட்டுக்கொள்ளும் பச்சை வெங்காயத்தையும் மிளகாயையும் மட்டும் தள்ளி வைத்துவிட வேண்டும்.

இங்கேதான் கைப்பழக்கம் காலை வாரும். தயிர்சாதம் என்றதும் கை தானாகக் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாயைத் தாளித்துவிடும். மென்மையான உணவுதானே என்று சாப்பிடுவார்கள். ஆனால் கடுகு, ரசத்து மிளகு, சீரகம், தக்காளி விதை எல்லாமே குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்குச் சிறியவை. அவற்றைக் குச்சியால் நெம்பி எடுக்கப் பார்த்தால் கட்டியும் சேர்ந்து வரும். ரசத்தை வடிகட்டி ஊற்றுவதும் தாளிப்பை ஒரு வாரம் மறப்பதும் பெரிய சிரமமில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. வலியில் சாப்பிடாமல் வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் எடுத்துக்கொண்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வெறும் அரிசிக் கஞ்சியும் ஐஸ்கிரீமுமாக ஓட்டினால் ஏறிவிடும். ஏறிய சர்க்கரையில் புண் ஆற நாளாகும். கஞ்சியில் பருப்பைக் கூட்டுவது, இனிப்பில்லாத தயிர், குழைவாகக் கிண்டிய முட்டை என்று புரதத்தைச் சேர்ப்பது நல்ல வழி. மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

பல் எடுத்தவர் வீட்டின் பெரியவராகவோ பிள்ளையாகவோ இருந்தால் கஞ்சி தனியாக வெந்துவிடும். சமைப்பவரே பல் எடுத்திருந்தால்? எல்லோருக்கும் குழம்பு, பொரியல் செய்துவிட்டு, தனக்கென்று இன்னொரு பாத்திரம் வைக்க மனமில்லாமல் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடும் பெண்கள் நிறைய. அந்த வாரத்தில் கரண்டியை வேறொருவர் எடுத்தே ஆக வேண்டும். கஞ்சி காய்ச்சப் பெரிய சமையல் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழிந்தால் மறுபக்கத்தில் தோசையைப் பிய்த்து மெல்லலாம். மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும். குழியின் மேல் ஈறு மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள். டப்பாவில் இருக்கும் முறுக்கை அதுவரை பேரனே பார்த்துக்கொள்வான்.