எலும்பு மறுப்பதில்லை

வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் ரயில் பாதையைக் கடந்து, கடலோரக் கற்களில் போய் உட்காருவது என் நெடுநாள் பழக்கம். ஒரு மழை நாள், பாசி பிடித்த கல்லொன்றில் வழுக்கி விழுந்தேன். எல்லோரையும் போல வலக்கையைத்தான் நீட்டி ஊன்றினேன். மணிக்கட்டில் சிறு வீக்கம், கட்டைவிரலின் அடியில் ஒரு நோ. எங்கள் தொடர்மாடியில் எதிர்வீட்டு அன்ரி கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுளுக்குத்தான் தம்பி, எண்ணெய் போட்டு உருவினால் ரெண்டு நாளில போயிடும்” என்றார். உருவினேன். வீக்கம் வடிந்தது. நோ போகவில்லை. சாவியைத் திருப்பும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, தேங்காய் துருவும்போது அது அங்கேயே இருந்தது. ஐந்தாவது மாதம் எக்ஸ்ரே எடுத்தேன். சிறிய எலும்பொன்றின் இடுப்பில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது.

“விழுந்த அன்றைக்கே முறிந்திருக்கிறது. இன்னும் ஒட்டவில்லை” என்றார் டொக்டர்.

அந்த எலும்பு கஜுப் பருப்பின் அளவும் வளைவும் கொண்டது. வடிவத்தை வைத்துப் படகெலும்பு என்பார்கள். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும் அல்லவா? அந்தக் குழிக்குள் இருக்கிறது. நீட்டிய கையை ஊன்றி விழுந்து, பிறகு அந்தக் குழியை அழுத்தும்போது நொந்தால், படம் சரியாக இருந்தாலும் முறிவு என்றே எண்ணிக் கையைக் கட்டி வைக்க வேண்டும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு பல வேளைகளில் தெரியாது. பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்வது அதனால்தான். நான் முதல் படமே எடுக்கவில்லை.

இந்த எலும்பு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? இரத்தம் இதற்குள் பெரும்பாலும் விரல் பக்கத்து நுனியால் நுழைந்து, முழங்கை நோக்கிப் பின்புறமாக ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின் துண்டுக்குப் போகும் வழி அறுந்துவிடும். ஒரே ஒழுங்கையுள்ள குடியிருப்பில் அந்த ஒழுங்கை அடைபட்டது போல. பட்டினி கிடக்கும் துண்டு ஒட்டுவதற்கு எதைக் கொண்டு ஒட்டும்? முதியவர்களின் தொடை எலும்புக் கழுத்திலும், கீழ்க்காலின் கடைசி மூன்றிலொரு பங்கிலும் இதே சங்கடம் உண்டு.

‘ஒட்டுதல்’ என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்புகிறது. உடைந்த ஓட்டைப் பசை போட்டு ஒட்டுவதுபோல வைத்தியர் எலும்பை ஒட்டுகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். பிளாஸ்டரும் பிளேட்டும் ஸ்குரூவும் எலும்பைப் பிடித்து வைத்திருக்க மட்டுமே. ஒட்டுவது உடல். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. அதற்குள் புதிய நுண்குழாய்கள் வளர்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான குருத்தெலும்பு ஒரு பாலம் போல உருவாகிறது. அதன்மேல் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டியாகிறது. பிறகு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், உடல் அதைச் செதுக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவருகிறது. தோலில் காயம் ஆறினால் தழும்பு மிஞ்சும். எலும்பில் எலும்பே வளர்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஊரில் மாங்கன்று ஒட்டுக்கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு வெட்டுமுகங்களும் பொருந்த வேண்டும், உயிர்ச்சாறு ஓட வேண்டும், கட்டு அசையக் கூடாது. எலும்பு கேட்பதும் அவ்வளவே.

அசைவைப் பற்றிச் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் ஸ்டெஃபான் பெரென் 1970களின் பிற்பகுதியில் சொன்ன விளக்கம் இன்றும் வைத்தியர்களுக்கு வழிகாட்டி. முறிந்த இடைவெளியில் முதலில் வளரும் மென்திசு, தன் நீளத்தின் அளவுக்கே இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு நூற்றுக்குப் பத்து வரை தாங்கும். எலும்போ நூற்றுக்கு இரண்டுதான். அசைவு அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டே இருந்தால் எலும்பு அங்கே பிறக்கவே முடியாது. கடைசியில் இரு முனைகளுக்கும் நடுவே வழுவழுப்பான பொய்மூட்டு ஒன்று உண்டாகிவிடும். ஆனால் கொஞ்சமும் அசையாமல், சுமையே படாமல் வைத்திருப்பதும் எப்போதும் நல்லதல்ல. அளவான சுமை எலும்பை வளரத் தூண்டும். எப்போது ஊன்றலாம், எவ்வளவு ஊன்றலாம் என்று டொக்டர் சொல்வதை எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டியது இதனால்தான்.

ஒட்டாத முறிவுகளை எக்ஸ்ரேயில் பார்த்தால் இரண்டு முகங்கள் தெரியும். ஒன்றில் முனைகள் யானைப்பாதம் போலப் பருத்திருக்கும். இரத்தம் இருக்கிறது, உடல் முயன்றிருக்கிறது, அசையாமை மட்டும் கிடைக்கவில்லை. உறுதியாகப் பிடித்து வைத்தாலே பெரும்பாலும் ஒட்டிவிடும். மற்றதில் முனைகள் சீவிய பென்சில் போல மெலிந்திருக்கும். அங்கே உயிரோட்டமே குறைவு. இடுப்பெலும்பிலிருந்து துகள் எடுத்து வைக்க வேண்டி வரும். என் மணிக்கட்டுக்கும் அதுதான் செய்தார்கள், ஒரு சிறு ஸ்குரூவோடு.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான ஓட்டோ சாரதி ஒருவர் இருக்கிறார். லொறி மோதி அவருடைய கீழ்க்கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்தது. முன்காலைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு, நடுவில் தசை இல்லை. தசைதான் முறிந்த எலும்புக்குப் புதிய இரத்தம் கொண்டுவரும் ஊற்று. இங்கே அந்த ஊற்றும் குறைவு, கிருமிக்கு வாசலும் திறந்தாயிற்று. காலுக்கு வெளியே கம்பிச்சட்டம் பூட்டி அனுப்பினார்கள். கிளினிக் கொப்பியில் திகதி எழுதியிருந்தது. ஆனால் ஓட்டோவுக்கு மாதா மாதம் லீசிங் கட்ட வேண்டும். இரண்டு கிளினிக் தவறியது. கம்பி நுழைந்த இடங்களில் சீழ் வைத்தது. எட்டாவது வாரமே காலை ஊன்றி ஓட்டோவில் ஏறிவிட்டார். தரிப்பிடத்தில் காத்திருக்கும் நேரமெல்லாம் சிகரட். “அண்ணே, ஆறு கிழமையில ஒட்டிடும்னுதானே எல்லாரும் சொன்னாங்க” என்றார்.

அந்த ஆறு கிழமைக் கணக்கு பலரைக் கெடுத்திருக்கிறது. மணிக்கட்டின் சாதாரண முறிவுக்கு அது பொருந்தலாம். கீழ்க்கால் எலும்புக்கு நாலைந்து மாதம் எடுப்பது வழக்கம். ஒன்பது மாதமாகியும், கடைசி மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லாவிட்டால்தான் ‘ஒட்டவில்லை’ என்று முடிவு செய்வது அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அளவுகோல். அங்கே 2011இன் காப்புறுதிப் பதிவுகளில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முறிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான கட்டுரை, நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து ஒட்டாமல் போனதாகக் கண்டது. படகெலும்பு, கீழ்க்கால், தொடை ஆகியவை முன்வரிசையில் நின்றன.

சிகரட்டைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது, புகையின் கார்பன் மொனொக்சைட் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புகைப்பவருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிகோட்டின்தான். நீரிழிவும் அப்படியே குழாய்களையும் கிருமியெதிர்ப்பையும் கெடுக்கும். 2005–06இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையில் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கும், நகரவாசிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கும் நீரிழிவு இருந்தது. கால் முறிந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் சீனி இருப்பதே தெரியவந்தவர்களை எனக்குத் தெரியும்.

முறிவு நெரிவுப் பரியாரிமாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. சிங்களவரிடம் கெடும் பிந்தும் வைத்தியம், தமிழகத்தவருக்குப் புத்தூர்க் கட்டு, நமக்கு ஊர்ப் பரியாரியாரின் மட்டையும் எண்ணெயும். இவர்களை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது. விலகாத, தோல் கிழியாத முறிவுகள் அவர்கள் கையில் ஒட்டியிருக்கின்றன. மட்டைகள் அசையாமையைத் தந்தன, மீதியை உடல் பார்த்துக்கொண்டது. இங்கிலாந்தில் நவீன எலும்பு வைத்தியத்துக்கு அடித்தளமிட்ட ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891) எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவர். தந்தை பட்டமில்லாத கட்டு வைத்தியர், மகன் படித்த டொக்டர். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளரின் கால்களைப் பார்த்தவர். நம் கொட்டாஞ்சேனையும் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊர்தானே! நீண்ட, இடைவிடாத ஓய்வு என்பதே அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியது. அவர் செய்த மட்டை முதல் உலகப்போரில் தொடை முறிந்தவர்களின் சாவைப் பெருமளவு குறைத்தது.

கெடுதி எங்கே வருகிறதென்றால், உருவுவதில். முறிந்த இடத்தை எண்ணெய் போட்டுப் பிசைந்தால் இளம் பாலம் ஒவ்வொரு தடவையும் உடைகிறது. மருந்துப் பத்து மாற்றவென்று கட்டை அடிக்கடி அவிழ்த்தாலும் அதேதான். இறுக்கிக் கட்டினால் இரத்தம் நிற்கும். விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, தாங்காத வலி எடுத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, கை காலையே இழக்க நேரும். எல்லாவற்றிலும் மோசமானது, ஆஸ்பத்திரி பிளாஸ்டரை மூன்றாம் கிழமை வீட்டிலேயே வெட்டிவிட்டு எண்ணெய்க்கு ஓடுவது, பிறகு பயந்து திரும்பி வருவது. இரண்டு பக்கமும் அரைகுறை.

ஒட்டாதவற்றுக்கும் வழி உண்டு. சைபீரியாவின் குர்கான் நகரில், போரில் கால் கெட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கவ்ரீல் இலிசாரொவ் 1950களில் வளையங்களும் மெல்லிய கம்பிகளும் கொண்ட சட்டமொன்றைச் செய்தார். முனைகளை நெருக்க வேண்டிய திருகாணியை நோயாளி ஒருவர் தவறுதலாக எதிர்த்திசையில் திருப்ப, விலகிய இடைவெளியில் புதிய எலும்பு வளர்ந்திருந்ததாகச் சொல்வார்கள். நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் மெல்ல இழுத்தால் எலும்பு வளரும் என்பது அவர் உலகுக்குத் தந்த அறிவு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகும் தேறாமல் இலிசாரொவிடம் போனார். நடந்தார், மீண்டும் பாயவும் செய்தார்.

நம் சாரதிக்கும் இப்போது காலைச் சுற்றி வளையங்கள். சீழ் பிடித்த எலும்பைச் சுரண்டி அகற்றிப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். ஓட்டோவை மைத்துனர் ஓட்டி, பாதி வருமானம் வீட்டுக்குத் தருகிறார். கிளினிக் நாளில் மனைவி கூடவே போகிறார். போன ஞாயிறு ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். புதிய படத்தை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடைவெளியில், முன்பு வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், சோற்றுக் கஞ்சி சிந்தினாற்போல ஒரு மங்கல் வெண்மை.

“இது தெரியுதா அண்ணே?” என்று விரலை அதன்மேல் வைத்தபடியே நின்றார்.